கழற்றி வைத்த கால்

நாவலாசிரியர்களுக்குக் கட்டைக்கால் என்றால் ஒரு சபலம் உண்டு. கதாபாத்திரம் வாசலில் நுழைவதற்கு முன்பே 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டுவிடுகிறது; வாசகன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறான். ஒருவனுடைய முகத்தை வருணித்து மனசில் பதியவைக்க ஒரு பக்கம் செலவாகும். கட்டைக்காலுக்கு ஒரு வரி போதும். கடற்கொள்ளைக்காரனா, பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரனா, பழிவாங்கத் திரும்பி வந்தவனா, யாருக்கும் அது பொருந்தும். இவ்வளவு சல்லிசாகக் கிடைக்கிற சாமானை எந்த எழுத்தாளன்தான் வேண்டாம் என்பான்?

ஆனால் காலை இழந்த ஒருவன் புதுக்காலை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துகிறான் என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலர். கால் போவது ஒரு நாள் சங்கதி. புதுக்கால் வந்து சேர்வதும் ஒரு நாள் சங்கதிதான். அந்த இரண்டு நாட்களும் கதைக்கு ருசியானவை, அழலாம், கைதட்டலாம். நடுவில் இருக்கும் மாதங்களும் அப்புறம் வரும் வருஷங்களும் கதைக்கு லாயக்கில்லாதவை என்று ஒரு நினைப்பு நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது.

இந்த அவசரம் இன்று நேற்று வந்ததல்ல. ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் விச்பலா என்ற பெயர் வருகிறது. யுத்தத்தில் அவளுடைய கால் பறவையின் சிறகுபோல் துண்டிக்கப்பட்டதாம். அசுவினி தேவர்கள் வந்து, அவள் மறுபடி ஓடும்படியாக, உடனே இரும்புக் கால் ஒன்றை வைத்துக் கொடுத்தார்களாம். (விச்பலா வீராங்கனையா, பந்தயக் குதிரையா என்று பண்டிதர்களுக்குள் தகராறு இருக்கிறது. அது நமக்கு வேண்டாம்.) தேவ வைத்தியர்கள் ஆயிற்றே, அவர்களுக்கு நாள் கணக்கு ஏது? ஆனால் மனிதர்கள் எழுதிய கதைகளிலும் இதே வேகம் இருப்பதுதான் வேடிக்கை.

தமிழில் பழைய இலக்கியத்துக்குப் போனால் மரக்கால் இருக்கிறது; கால் இழந்தவன் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று மரக்கால் ஆடல். அசுரர்கள் வஞ்சனையால் பாம்பும் தேளுமாக வந்தபோது கொற்றவை மரக்காலின் மேல் ஏறி அவற்றை உழக்கி ஆடினாள் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரையும் இந்த வம்சம்தான். இரண்டிலும் நல்ல கால் இருக்கிறது. அதற்குக் கீழே மரத்தைக் கட்டிக்கொண்டு உயர்ந்து நிற்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகலாம். 'பொய்க்கால்' என்ற வார்த்தை நமக்கு இந்த ஆட்டத்திலிருந்து வந்தது. அவிழ்த்தால் நடக்க முடியாதவனுக்கும் அதே வார்த்தையைத்தான் கொடுத்திருக்கிறோம்.

அதனால் இந்த மாதிரிக் கதை எதைப் படித்தாலும் நான் ஒரே ஒரு காட்சியைத் தேடுவது வழக்கம். ராத்திரி படுக்கப் போகும்போது அந்தக் காலைக் கழற்றி வைக்கிற காட்சி. அது இருந்தால், ஆசிரியருக்கு விஷயம் தெரியும் என்று நம்பிப் படிப்பேன். இல்லையென்றால், அவர் மரத்தைப் பார்த்தாரே ஒழிய மனிதனைப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டிக்கொள்வேன். விமரிசகர்கள் இதை ஓர் அளவுகோல் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எனக்கு இது எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லிவிட்டால் அவர்கள் கொஞ்சம் இளகலாம்.

என் பெரியப்பா பிள்ளை, எனக்கு அண்ணன் முறை, ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி. காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் போய், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 62. புண் ஆறி, தையல் காய்ந்து, கால் வீக்கம் வற்றுகிறவரைக்கும் புதுக்காலுக்கு அளவெடுக்க முடியாது. அதுவரையில் வெட்டுப்பட்ட முனையைப் பட்டைத்துணியால் இறுக்கிச் சுற்றிச் சுற்றி, கூம்பு மாதிரி வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். இதமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் மல்லாந்து படுத்தே தூங்கின மனுஷர் அவர்.

ஒரு நாள் விடியற்காலையில் பழக்கதோஷத்தால் கட்டிலிலிருந்து இரண்டு காலையும் ஊன்றி எழுந்திருக்கப் போய்க் கீழே விழுந்தார். காலை எடுத்துவிட்டார்கள் என்பது மூளைக்கு எட்டப் பல நாளாகிறது. இல்லாத பாதத்தில் சுண்டுவிரல் அரிக்கிறது என்று சொல்வார், எங்கே சொறிவது?

கால் வந்தது. முதல் மாதம் சரியாக இருந்தது; அப்புறம் லொடலொடவென்று ஆகிவிட்டது. கால் பழுதில்லை, உள்ளே போய் உட்கார்கிற குறைக்கால் மேலும் வற்றிவிட்டது. அதற்காக உறை போடவேண்டும்; காலையில் ஒரு உறை, மத்தியானம் இன்னொன்று, சாயங்காலம் மூன்றாவது. நம் ஊர் வெயிலில் அந்தக் கூட்டுக்குள் வியர்வை தேங்கிவிடும். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியுமா? கொஞ்சம் உப்பு அதிகமாகச் சாப்பிட்டு உடம்பு நீர் கோத்துக்கொண்டால் கூடு பிடிக்காது; உடம்பு இளைத்தால் கூட்டுக்குள் கால் ஆடும், தோல் உரியும். தோல் உரிந்துவிட்டால் சர்க்கரைக்காரருக்கு அது விளையாட்டில்லை. பத்து நாள் கால் மூலையில் நிற்கும், அவர் ஊன்றுகோலோடு கிடப்பார்.

இன்னொன்று சொல்லவேண்டும். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டாமல் தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. இப்போது கணுக்கால் மறைய இறக்கிக் கட்டுகிறார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரிடமிருந்து மறைக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழைய மாணவர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு புஸ்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புஸ்தகத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் நம்மில் பலரும் படித்த ஒரு கதை.

ஸ்டீவன்ஸனுடைய 'புதையல் தீவு' 1883-ல் புஸ்தகமாக வந்தது. அதில் வரும் லாங் ஜான் ஸில்வரை யாரிடம் கேட்டாலும் 'கட்டைக்கால் கொள்ளைக்காரன்' என்பார்கள். அவனுக்குக் கட்டைக்காலே கிடையாது! இடது கால் இடுப்புக்கருகிலேயே போய்விட்டது, கக்கத்தில் ஊன்றுகோல், அவ்வளவுதான். சினிமாவும் படக்கதைகளும் கட்டைக்கால் கொள்ளைக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகக் காட்டி நம் ஞாபகத்தில் அவனுக்கும் ஒன்றைப் பொருத்திவிட்டன. ஸ்டீவன்ஸன் என்னவோ கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். கப்பலில் ஸில்வர் ஊன்றுகோலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான், இரண்டு கையும் சும்மா இருக்கவேண்டும் என்பதற்காக. சமையல் செய்யும்போது ஊன்றுகோலின் நுனியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, அதில் சாய்ந்தபடி, கப்பல் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் இசைந்துகொடுத்துக்கொண்டு வேலை பார்க்கிறான். தளத்தின் அகலமான இடங்களைக் கடக்கப் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருக்கிறது. அப்படிப்பட்டவன் தீவில் மணற்சரிவு ஏற முடியாமல் திண்டாடுகிறான். சமாதானம் பேச வந்து தரையில் உட்கார்ந்தவன், பேச்சு முறிந்ததும், எழுந்திருக்கக் கைகொடுங்கள் என்று கேட்கிறான், ஒருத்தரும் கொடுப்பதில்லை. மண்ணில் ஊர்ந்துபோய் எதையோ பற்றிக்கொண்டு எழுகிறான். கொலைகாரப் பயல்தான்; ஆனாலும் அந்த இடத்தில் என் கை தானாக நீள்கிறது.

ஸ்டீவன்ஸனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அவருடைய நண்பர் ஹென்லி என்ற கவிஞர் இளவயதிலேயே எலும்புக் காசநோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பெரிய குரலும் பெரிய சிரிப்பும் உள்ள மனிதர். ஸில்வருக்கு வித்து நீதான் என்று ஸ்டீவன்ஸனே பிற்பாடு அவருக்குக் கடிதம் எழுதினார். நண்பனைக் கூர்ந்து பார்த்த கண் அந்தச் சமையலறையில் தெரிகிறது. ஆனாலும் ஸில்வர் ராத்திரி எப்படிப் படுத்தான், எப்படி எழுந்தான் என்பது கதையில் இல்லை. சிறுவன் ஜிம் சொல்லும் கதை. ஜிம்முக்கு அது தெரிய நியாயமில்லை. மன்னித்துவிடலாம்.

மெல்வில் எழுதிய 'மோபி டிக்' (1851) பெரிய விஷயம். காப்டன் ஏஹாபின் காலைத் திமிங்கலம் கடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் திமிங்கலத்தின் தாடையெலும்பிலேயே கால் செய்து மாட்டிக்கொண்டு அதைத் துரத்துகிறான். இதைப் பழி என்றும் விதி என்றும் கடவுளோடு மல்லுக்கட்டு என்றும் எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு. கப்பலின் தளத்தில் அந்த எலும்புக் காலின் நுனி பொருந்துவதற்காக அரை அங்குல ஆழத்துக்குத் துளை போட்டிருக்கிறது. அதில் காலை ஊன்றிக்கொண்டு அவன் அலைக்கு அசையாமல் நிற்கிறான். அந்தக் காலின் மேல்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறான். கால் போனவன் அதையே சிலேட்டாகவும் வைத்துக்கொள்கிறான்! சாமானோடு பழகிப்போனவன்தான் இப்படிச் செய்வான்.

அந்தக் கால் அவனை ஏமாற்றவும் செய்கிறது. கப்பல் புறப்படுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி அது பிசகி, கீழே விழுந்து, அந்த எலும்பே அவன் தொடை இடுக்கில் குத்திவிடுகிறது. பல நாள் அவன் வெளியே தலைகாட்டாமல் கிடந்ததற்கு அதுதான் காரணம் என்று நாவல் பாதிக்குமேல் போனபிறகு சொல்கிறார் மெல்வில். இன்னொரு தடவை படகில் தாவியபோது கால் விரிசல் கண்டு, கப்பல் தச்சன் புதிதாகச் செய்யவேண்டியிருக்கிறது. தச்சன் வேலை செய்கிற இடத்துக்கு ஏஹாப் வந்து நிற்கிறான். நீ எனக்கு வைத்த காலுக்குப் பக்கத்தில் பழைய காலும் இருப்பதாகத் தோன்றுகிறதே, அதை உன்னால் விரட்ட முடியுமா என்கிற மாதிரி கேட்கிறான். கடவுளையே எதிர்த்துப் பேசுகிறவன், தச்சனிடம் கொஞ்சம் இறங்கித்தான் பேசவேண்டியிருக்கிறது. நாவலின் உச்சம் திமிங்கல வேட்டை என்பார்கள். எனக்கு இந்தத் தச்சுப் பட்டறைதான்.

இதே நாவலில் பூமர் என்று இன்னொரு காப்டன் வருகிறான். அதே திமிங்கலத்தால் கை போனவன். எலும்புக் கை வைத்துக்கொண்டு, ஒரு கையோடு போயிற்றே, இனி அதன் ஜோலி வேண்டாம் என்று சிரிக்கிறான். உலகத்தில் பெரும்பாலோர் பூமர்கள்தான். நாவல் ஏஹாபைப் பற்றியது, என்ன செய்வது?

இல்லாத கால் இருப்பதாகத் தோன்றுகிற இந்தச் சமாசாரத்தை வைத்தியர்கள் தீவிரமாக எடுத்துக்கொண்டது மெல்விலுக்குப் பிறகுதான். அதுவும் ஒரு கதை மூலமாக என்பது எங்கள் ஜாதிக்குப் பெருமை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கை கால் இழந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஸைலஸ் வெயர் மிட்சல் என்ற டாக்டர், 1866-ல் பெயர் போடாமல் 'ஜார்ஜ் டெட்லோவின் வழக்கு' என்று ஒரு கதை எழுதினார். நான்கு அவயவங்களையும் இழந்த ஒருவன் தானே சொல்வதுபோல் எழுதிய கதை. நிஜம் என்று நம்பி ஜனங்கள் அவனுக்காகப் பணம் திரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கதையின் முடிவில் ஆவிகளை அழைக்கும் கூட்டம் ஒன்றில் அவனுடைய கால்களே நம்பரோடு வந்து சேர்கின்றன, இரண்டடி நடக்கிறான். டாக்டர் தமாஷாக முடித்ததை ஜனங்கள் அழுதுகொண்டு படித்தார்கள். 'ஆவிக்கால்' என்று சொல்லும்படியான பெயரை அந்த உணர்ச்சிக்கு மிட்சலே 1871-ல் சூட்டினார். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1990-களில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியை நிறுத்திவைத்து, மிஞ்சியிருக்கும் அவயவத்தின் பிம்பத்தை இல்லாததன் இடத்தில் காட்டி, சிலருடைய வலியைக் குறைத்தார். ஏஹாபின் கேள்விக்கு ஒரு தச்சனிடம் இருந்திருக்கக்கூடிய விடைதான்.

இனி அண்ணனுக்குக் கிடைத்த புஸ்தகம். பரீஸ் பொலெவோய் என்ற ருஷ்ய ஆசிரியரின் 'உண்மை மனிதனின் கதை'. 1946-ல் எழுதியது. சோவியத் யூனியன் இருந்த நாட்களில் மாஸ்கோவில் அச்சாகி, மலிவு விலையில் கெட்டி அட்டையோடு நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் புஸ்தகங்களில் ஒன்று. எத்தனையோ வீடுகளில் பரண்மேல் இன்னும் இருக்கும்.

கதை நிஜமாக நடந்தது. அலெக்ஸெய் மரேஸ்யெவ் என்ற விமானியின் விமானம் 1942 ஏப்ரலில் காட்டுக்குள் விழுந்தது. நசுங்கிய கால்களோடு 18 நாள் பனியில் தவழ்ந்து பிழைத்தான். இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மறு வருஷம் கோடையில், செயற்கைக் கால்களோடு, கூர்ஸ்க் போர்க்களத்தின்மேல் சண்டை விமானம் ஓட்டி எதிரி விமானங்களை வீழ்த்தினான். பொலெவோய் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி 'மெரேஸ்யெவ்' ஆக்கிக்கொண்டார். அந்த நிஜ மனிதர் 2001 மே மாதம், 85-வது பிறந்தநாள் விழா தொடங்கச் சற்று முன்னால் காலமானார்.

இந்த நாவலைப் பிரசாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆஸ்பத்திரி அத்தியாயங்கள் அசல் சரக்கு. கால் போன செய்தியை ஊரில் இருக்கும் காதலி ஓல்காவுக்கு எழுதாமல் மறைக்கிற மனசு; கட்டிலில் கிடந்தபடி செய்யும் தேகப்பயிற்சி; கால்கள் வந்ததும் நடைவழியில் இங்கும் அங்கும் நடந்து பழகுவது; எல்லாவற்றையும் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். வைத்தியக் குழு தன்னை ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக அவன் ஒரு பெண்ணிடம் நடனம் கற்றுக்கொள்கிறான். கூடத்தில் எல்லோரும் அவன் ஆடுவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். அவன் நடுவில் நழுவித் தனியாகப் போய் வலியைச் சகித்துக்கொண்டு திரும்பி வருகிறான். விமானப் பயிற்சியில் செயற்கைப் பாதங்களை மிதிகளோடு வாரால் கட்டிக்கொள்கிறான். மரத்துக்கும் தோலுக்கும் எந்திரத்தின் துடிப்பு தெரியாதல்லவா? அதைத் தொடை வழியாகவும் உட்காரும் இடம் வழியாகவும் உணரக் கற்கவேண்டியிருக்கிறது. இதெல்லாம் எந்தச் சித்தாந்தத்துக்கும் சொந்தமல்ல.

என் அளவுகோலுக்கும் இந்தப் புஸ்தகம் தேறுகிறது. ஆனால் விசித்திரமான முறையில். புஸ்தகத்தின் பின்னுரையில் பொலெவோய் சொல்கிறார்: 1943-ல் நிருபராகப் போர்முனைக்குப் போனபோது ஒரு விமானியோடு பதுங்குகுழியில் ராத்தங்க நேர்ந்தது. விளக்கு மங்கலாக எரிகிறது. ஏதோ கனமான பொருள் தொப்பென்று விழும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்த விமானி தன் கால்களைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறான். அதுவரையில் அவனுக்குக் கால் இல்லையென்பது இவருக்குத் தெரியாது. விடிய விடியப் பேசுகிறார்கள். நாவல் பிறந்தது அந்தச் சத்தத்தில்தான்! அப்படியிருக்க, அதைக் கொண்டுபோய் வாலில் கட்டிவிட்டார். முதல் பக்கத்தில் விமானம் விழுகிற சத்தம்; கடைசிப் பக்கத்துக்கும் அப்பால் கால் விழுகிற சத்தம். எனக்கு வாய்த்திருந்தால் மாற்றி வைத்திருப்பேன்.

அண்ணன் அந்தப் புஸ்தகத்தை முழுக்கப் படித்தார். ஒரு கிழவி, யுத்தத்தில் மிஞ்சிய தன் ஒரே கோழியை அவனுக்காக அறுத்துச் சூப் வைக்கிற இடத்தில் அழுததாகச் சொன்னார். பிறகு, "தம்பி, இவனுக்கு 25, 26 வயசு. எனக்கு 62. இவனுக்கு ஆகாயத்துக்குப் போகவேண்டும். எனக்குக் கொல்லைப்புறம் போகவேண்டும். இதில் எது கஷ்டம் என்று இதை எழுதினவனைக் கேட்டுச் சொல்லு" என்றார்.

பத்திரிகை விமரிசனங்கள் பல படித்திருக்கிறேன். இந்த நாவலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. நாவலில் கமிஸார் ஒருவர் இருக்கிறார், அருமையான பாத்திரம். முதல் உலக யுத்தத்தில் ஒரு பாதத்தை இழந்தும் விமானம் ஓட்டிய ருஷ்யனைப் பற்றிய கட்டுரையை மெரேஸ்யெவுக்குப் படிக்கக் கொடுக்கிறார். அவனுக்கு ஒரு பாதம்தானே போயிற்று, எனக்கு இரண்டும் போயிற்றே, விமானமும் இப்போது வேறல்லவா என்று இவன் நியாயமாகக் கேட்கிறான். அதற்குக் கமிஸார் சொல்லும் பதில் அவன் எந்தத் தேசத்தவன் என்பதைப் பற்றியது. அதிலிருந்து நாவல் முழுவதும் ஒரே கணக்கு: மனசு இருந்தால் கால் நடக்கும்.

மனசு வேண்டும், யார் இல்லையென்றார்கள்? ஆனால் கூடு தளர்ந்தால் மனசால் அதை இறுக்க முடியாது. தோல் உரிந்தால் மனவுறுதி மருந்தாகாது. முழங்காலுக்குக் கீழே போனவனுக்கு ஒரு கதை, தொடையோடு போனவனுக்கு வேறு கதை. மூட்டு இல்லாதவன் ஒவ்வோர் அடிக்கும் செலவழிக்கிற சக்தி எவ்வளவோ அதிகம். இதையெல்லாம் விட்டுவிட்டு மன உறுதி ஒன்றையே காட்டுகிற புஸ்தகத்தைக் கால் போனவன் கையில் கொடுக்கும்போது, கொடுக்கிறவர்கள் அறியாமல் கூடவே ஒரு குற்றப்பத்திரிகையையும் கொடுக்கிறார்கள்: அவன் ஆகாயத்தில் பறந்தானே, நீ ஏன் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாய்? அண்ணன் முதல் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, வலியை யாரிடமும் சொல்லாமல் நடந்து, புண்ணாக்கிக்கொண்டார். டாக்டர் கோபித்தார். வலித்தால் நிறுத்து என்று பொலெவோயின் நாவலில் ஒருவரும் மெரேஸ்யெவுக்குச் சொல்லி, அவன் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பிளானரி ஓ'கானர் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1955-ல் வெளியிட்ட சிறுகதை ஒன்று இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. தலைப்பைத் தமிழில் 'கிராமத்து நல்ல ஜனங்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். கதாநாயகிக்கு 32 வயது. பத்து வயதில் வேட்டை விபத்தில் கால் போயிற்று. தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கடவுள் கிடையாது, எதுவும் கிடையாது என்கிறவள். பெற்றோர் வைத்த அழகான பெயரைத் தூக்கியெறிந்துவிட்டு ஹல்கா என்று அவலட்சணமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். பைபிள் விற்க வந்த ஒரு பையனை, அப்பாவி என்று நினைத்து, அறிவு புகட்டுவதற்காக வைக்கோல் பரணுக்கு அழைத்துப் போகிறாள். அவன் முத்தத்தைவிட, கால் எங்கே சேர்கிறது என்று காட்டச் சொல்வதில்தான் குறியாக இருக்கிறான். அவள் காட்டுகிறாள், கழற்றவும் விடுகிறாள். அந்த நிமிஷத்தில் அவளுடைய தத்துவம், பட்டம், நாஸ்திகம் எல்லாம் அந்தக் காலோடு கழன்று போய்விடுகின்றன. மாட்டிவிடு என்று கெஞ்சுகிறாள். அவன் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவள் பரணிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கொடூரமான கதை. முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. பையன் காலைத் திருடப்போகிறான் என்பது அந்த இடத்துக்குச் சில வரிகள் முன்புவரையில் தமக்கே தெரியாது என்று ஓ'கானர் ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அந்தக் கால் கதையில் எத்தனை அர்த்தம் சேர்த்துக்கொண்டாலும் முதலில் அது மரத்தால் ஆன ஒரு கால்தான் என்பது அவர் கட்சி. கழற்றுவது என்ற ஒரே காரியத்தை எடுத்துக்கொண்டு அதன் அடிவரைக்கும் போனவர் அவர் ஒருவர்தான். அவரும் வியாதியால் ஊன்றுகோல்களோடு நடந்தவர் என்பது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அண்ணனுக்கு இந்தக் கதையை நான் கொடுக்கவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். "அப்புறம் அந்தப் பெண் ஏணியில் எப்படி இறங்கினாள்?" என்று கேட்டார். கதையில் அது இல்லை.

நம் நாட்டுப் பக்கம் வந்தால், எழுத்தைவிடச் சினிமா முந்திக்கொண்டது. 1981-ல் திருச்சிக்குப் பக்கத்தில் பஸ் விபத்தில் அடிபட்டு வலது காலை இழந்த சுதா சந்திரன் என்ற இளம் நர்த்தகி, ஜெய்ப்பூர்க் கால் வைத்துக்கொண்டு 1984-ல் பம்பாயில் மேடையேறி ஆடினார். அடுத்த வருஷமே சிங்கீதம் சீனிவாசராவ் அதைத் தெலுங்கில் 'மயூரி' என்று படமாக எடுத்தார். சுதா சந்திரனே நடித்தார். ஒரு நடிகை காலை மடக்கிக் கட்டிக்கொண்டு நடிப்பதல்ல, அதே மனுஷி, அதே கால். அந்தக் கடைசி நாட்டியத்துக்குக் கைதட்டாதவன் கல். நானும் தட்டினேன். ஆனால் விபத்துக்கும் மேடைக்கும் நடுவில் சுமார் மூன்று வருஷம் இருக்கிறது. சினிமாவில் அந்த மூன்று வருஷம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்: காதலன் கைவிடுகிறான், அவள் வைராக்கியம் கொள்கிறாள், பின்னணி இசை ஏறுகிறது. நெஞ்சைத் தொடுகிற படம் என்பதை மறுக்கவில்லை. நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த மூன்று வருஷத்தை.

ஜெய்ப்பூர்க் கால் என்றேனே, அதுவே தனியாக எழுதவேண்டிய கதை. 1968-வாக்கில் ஜெய்ப்பூரில் இருவர் சேர்ந்து செய்தது அது. ஒருவர் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்திய நிபுணர். இன்னொருவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். மேல்நாட்டுமுறைக் கால்கள் ஆஸ்பத்திரியில் கிடைத்தன; ஆனால் ஊருக்குப் போனவர்கள் அவற்றை மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். காரணம் மன உறுதிக் குறைவில்லை. அந்தக் கால் பூட்ஸ் போட்டு நாற்காலியில் உட்காருகிறவனுக்காகச் செய்தது. நம் ஆள் வெறுங்காலோடு வரப்பில் நடக்கவேண்டும், சேற்றில் இறங்கவேண்டும், குந்தி உட்காரவேண்டும், சம்மணம் போட்டு இலைமுன் அமரவேண்டும், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். செருப்பின் குதி உயரத்துக்குச் சரிபார்த்து வைத்த காலைச் செருப்பில்லாமல் ஊன்றினால் உடம்பு பின்னால் சாயும். சேத்திக்கும் சர்மாவுக்கும் இது புரிந்தது. டயர் வேலைக்காரர்கள் ரப்பரை வேகவைக்கிற முறையில், நிஜப் பாதம் மாதிரி நிறமும் விரலும் உள்ள, கணுக்காலில் மடங்கிக் கொடுக்கிற பாதத்தைச் செய்தார்கள். சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது.

மெல்விலின் தச்சன் ஒரே ஒரு காப்டனுக்குக் கால் செய்தான். அதற்கே அவனுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது. சர்மா மாஸ்டர்ஜியின் பட்டறையைப் பற்றி நாவல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வட இந்தியாவின் பல கோடிகளிலிருந்தும் ரயிலேறி வந்து, சுவரில் சாய்ந்தபடி, முறை வருகிறவரைக்கும் பக்கத்திலிருப்பவனுடைய குறைக்காலையும் தன்னுடையதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்திருப்பார்கள். விவசாயி, கூலிக்காரன், பள்ளிக்கூடத்துப் பெண். அந்த வாசலில் ஆரம்பித்து, கால் கிடைத்தபின் அவர்களில் ஒருவன் ஊருக்குத் திரும்பி முதல் மழைக்கால உழவை முடிக்கிறவரைக்கும் போகிற நாவல் ஒன்று வந்தால், விலையைப் பார்க்காமல் வாங்குவேன்.